ஆறப் பொறுக்கணும் பாஸ்!



இந்த வாரம் ஒரு கடிதத்தோட ஆரம்பிக்கலாம். எழுதியிருப்பது திருவொற்றியூர் தோழி ஒருத்தர். பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ், செகண்ட் இயர். பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால போடலை.

‘ஒரு கண்காட்சியில ஃப்யூஸ்டு கிளாஸ் நகை பார்த்தேன். கலர் கலரா கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, சூளையில் வெச்சு, உருக்கி ஒண்ணாக்கிச் செய்யற டாலர், கம்மல். அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை. சிராமிக்ஸ் படிக்கிற ஃப்ரெண்டைக் கெஞ்சிக் கூத்தாடி, அவளுக்குத் தெரிஞ்சவங்களோட கில்ன்ல ஒரு ஓரமா இடம் வாங்கினேன். பச்சை பாட்டில் துண்டு ஒண்ணு, நீல பாட்டில் துண்டு ஒண்ணு. ஆசை தாங்காம, சூடு முழுசா இறங்கறதுக்குள்ளயே கதவைத் திறந்து எடுத்துட்டேன். சும்மா தகதகன்னு இருந்துச்சு! அம்மாவுக்கு டாலரா கோத்துக் கொடுத்தேன். மூணாவது நாள் ராத்திரி, ஆணியில மாட்டியிருந்த டாலர் ‘டிக்’னு ஒரு சத்தத்தோட ரெண்டா உடைஞ்சு விழுந்துச்சு. யாரும் தொடக்கூட இல்லை. அப்பாவுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்ல ஷிஃப்ட் வேலை. “நெருப்பு முன்னாடி நிக்கிற பொழப்பு என்னோட போகட்டும்னுதாம்மா உன்னைப் படிக்க வெக்கிறேன்”னு ஒரே வார்த்தைதான் சொன்னார். நான் இதுக்கு லாயக்கில்லையா?’

தோழி, முதல்ல கண்ணைத் துடைச்சுக்கங்க. அந்த டாலர் உடைஞ்சதுக்கும் உங்க திறமைக்கும் சம்பந்தமே இல்லை. அது ஏன் உடைஞ்சதுங்கறதுக்கு பதில் உங்க சிலபஸ்லயே இருக்கு. அதைவிட முக்கியமா, உங்க அப்பா வேலை பார்க்கிற ஷாப்ல இருக்கு. எப்படின்னு கடைசியில சொல்றேன். அதுக்குள்ள கதவைத் திறந்துடாதீங்க!

ஒட்டும்... ஆனா ஒத்துப்போகாது!

கண்ணாடி ஐஸ்கட்டி மாதிரி ஒரு குறிப்பிட்ட சூட்டில் சட்டென்று உருகிவிடாது. சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கூரான ஓரங்கள் மழுங்க ஆரம்பிக்கும். 750-க்குப் பக்கத்தில் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் தனித்தனி உருவம் தெரியும். 800-ஐத் தாண்டினால் எல்லாம் கலந்து ஒரே தகடாகிவிடும். ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் முரடு. அதற்கு இன்னும் 20, 30 டிகிரி கூடுதலாக வேண்டும்.

இதுவரைக்கும் எந்தப் பிரச்னையும் இல்லை. சூடாக இருக்கும்போது எல்லாக் கண்ணாடியும் ஃப்ரெண்ட்ஸ்தான். வில்லங்கமே ஆறும்போதுதான்!

சூடு குறையும்போது கண்ணாடி சுருங்கும். ஆனால் எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவு சுருங்காது. வெப்ப விரிவுக் குணகம்னு ப்ளஸ் ஒன்ல மனப்பாடம் பண்ணி, பரீட்சை முடிஞ்சதும் மறந்தோமே... அதேதான். உலகம் முழுக்க இந்தக் கலைஞர்கள் தங்கள் கண்ணாடியை ‘90’, ‘96’ என்று நம்பர் சொல்லித்தான் வாங்குவார்கள். 1 டிகிரிக்கு எவ்வளவு சுருங்கும் என்பதைக் குறிக்கும் நம்பர் அது. 1 கோடியில் 90 பங்கு, 96 பங்கு என்று அர்த்தம்.

ஒரு சின்னக் கணக்கு போடலாமா? 10 சென்டிமீட்டர் நீளத்தில் 90 ஒன்று, 96 ஒன்று. இரண்டும் ஒட்டியபிறகு 500 டிகிரியில் இருந்து நம்ம ரூம் சூட்டுக்கு இறங்குகின்றன. சுருக்கத்தில் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? சுமார் 0.03 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது! ஆனால் ‘நான் சுருங்கணும்’ என்று ஒன்று இழுக்க, ‘எனக்கு இது போதும்’ என்று இன்னொன்று முறைக்க, இரண்டும் பிரிய முடியாமல் உள்ளுக்குள்ளேயே மல்லுக்கட்டும். அன்றைக்கே உடையலாம். மூன்று நாள் கழித்தும் உடையலாம். மூன்று மாசம் தாங்கி, ஏ.சி. பஸ்ஸில் ஏறும்போதும் உடையலாம்.

உங்க பச்சை பாட்டிலும் நீல பாட்டிலும் வேற வேற கண்ணாடி. கலவை கொஞ்சம் மாறினாலும் சுருக்கம் மாறும். அதனால்தான் உடைந்த வளையல்களைச் சேர்த்து உருக்கிப் பார்க்கிறவர்களுக்கும் அடிக்கடி மூக்கு உடைகிறது. கலர் மாறினால் சரக்கே மாறியிருக்கலாம்!

ரெண்டாவது காரணம், நீங்களே ஒப்புக்கொண்டது. கதவைத் திறந்தது! சட்டென்று ஆறினால் வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்பக்கம் இன்னும் சூடாகவே இருக்கும். பிறகு அது சுருங்கப் பார்க்கும்போது, இறுகிப்போன வெளிப்பக்கம் விடாது. மறுபடியும் உள்ளே இழுபறி. இதைத் தவிர்க்க, இறங்கும் வழியில் ஓர் இடத்தில் நின்று மூச்சு வாங்கணும். ஜன்னல் கண்ணாடி என்றால் சுமார் 540, 550 டிகிரியில். டாலர் சைஸுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அப்புறம் மெல்ல மெல்ல இறக்கி, கையால் தொடுகிற சூடு வந்த பிறகுதான் கதவு. இதற்குப் பெயர் ‘அனீலிங்’.

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்னு நம்ம பாட்டி சொன்னது சோத்துக்கு மட்டும் இல்லை!

ஜன்னல் கண்ணாடி ஜோடி

இந்தக் கலைக்குள் வந்தவர்கள் எல்லோரும் பெரிய ஸ்டுடியோவோடவா வந்தார்கள்? ஒரு ஜோடியின் கதையைக் கேளுங்க.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1912-ல் பிறந்தவர் ஃபிரான்சஸ். ஓவிய டீச்சர். 1942 வாக்கில் ஒரு கண்ணாடித் தகட்டைச் சூளையில் வைத்து இளக்கி, அச்சுக்குள் வளைய வைத்துப் பார்க்கிறார். ‘அட, நல்லாயிருக்கே!’ அவ்வளவுதான். வேலையை விடவில்லை. வேலைக்கு நடுவில் சோதனை மட்டும் தொடர்கிறது.

பிறகு மேற்படிப்புக்காக சிகாகோ ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்’ போகிறார். அங்கே வாத்தியாராக இருந்தவர், லண்டனில் பிறந்த மைக்கேல் ஹிக்கின்ஸ். 1948-ல் கல்யாணம். கையோடு, குடியிருந்த அபார்ட்மென்ட்டிலேயே கண்ணாடிப் பட்டறை!

அவர்கள் கையில் எடுத்த சரக்கு என்ன தெரியுமா? சாதாரண ஜன்னல் கண்ணாடி. அதன் மேல் கலர் எனாமல் பூச்சு, அதில் டிசைன், மேலே இன்னொரு கண்ணாடி. சாண்ட்விச் மாதிரி! சூளையில் வைத்தால் ரெண்டும் ஒன்றாகி, கீழே இருக்கிற அச்சுக்குள் வளைந்து உட்காரும். தட்டு, ஆஷ்ட்ரே, நகை, அறைத் தடுப்பு என்று வரிசையாகச் செய்தார்கள். அடிப்படைக் கண்ணாடி ஒரே ரகம் என்பதால் இழுபறி பாதி குறைந்தது. கலருக்காக வேற கண்ணாடியைத் தேடி ஓடாமல், இருக்கிற கண்ணாடி மேலேயே கலரை ஏற்றியதுதான் கெட்டிக்காரத்தனம்.

1957-ல் டியர்பார்ன் என்ற கண்ணாடி கம்பெனி அவர்களை அழைத்துக்கொண்டது. தொழிற்சாலை அளவில் தயாரிப்பு. முதல் தட்டு வளைந்ததற்கும் அதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? 15 வருஷம்! கம்பெனி வாழ்க்கையும் நிரந்தரமாக இல்லை. சில வருஷங்களில் அது முடிய, 1966-ல் சிகாகோ பக்கத்தில் ரிவர்சைடு என்ற ஊரில் மறுபடியும் சொந்த ஸ்டுடியோ. மைக்கேல் 1999-ல் இறக்கும்வரை, ஃபிரான்சஸ் 2004-ல் இறக்கும்வரை ‘ஹிக்கின்ஸ்’ என்ற பெயரை அடையாளம் காட்டியது அந்த ஜன்னல் கண்ணாடிதான்.

‘அது அமெரிக்கா பாஸ்’ என்கிறீர்களா? டெல்லியின் ஹேமி பாவாவைப் பாருங்க. ஓவியராகத் தொடங்கி, கண்ணாடிச் சிற்பத்துக்கு வந்தவர். கண்ணாடியைத் தானாகவே கற்றுக்கொண்டவர். 2009-ல் பத்மஸ்ரீ. நம்ம சென்னையிலேயே அஞ்சலி வெங்கட் சூளையில் கண்ணாடியை உருக்கியும் வளைத்தும் சிற்பம் செய்கிறார்.

இன்னும் பின்னால் போனால், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டிய இடம். சுமார் 2,000 வருஷத்துக்கு முன்னாலேயே கண்ணாடிக் குழாயை இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, குட்டிக் குட்டி மணிகள் செய்த ஊர். அந்த ரக மணிகள் கடல் தாண்டி தென்கிழக்கு ஆசியா வரை போயிருக்கின்றன. பழனி பக்கத்துப் பொருந்தல் அகழாய்விலும் கண்ணாடி மணிகள் குவியலாகக் கிடைத்தன. ஆக, கண்ணாடி நகை ஏதோ ஃபாரின் ஃபேஷன்னு யாராவது சொன்னா, ‘ஹலோ, எங்க ஊர் எக்ஸ்போர்ட் ஐட்டம்’னு சொல்லுங்க!

ராயபுரத்துல இருந்து எப்படி ஆரம்பிக்கறது?

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதல் ஸ்டாப், உங்க ஏரியா கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கும் போட்டோ பிரேமுக்கும் வெட்டியது போக ஓரத்தில் மிஞ்சும் துண்டுகள் ஒரு டப்பாவில் கிடக்கும். மரியாதையாகக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரே தகட்டில் வெட்டின துண்டுகளாகக் கேட்டு வாங்குங்க. அவை ஒன்றோடொன்று சண்டை போடாது. அப்படியே அவர் கட்டரைப் பிடிக்கும் விதத்தையும் பக்கத்தில் நின்று பாருங்க. ஒரே இழுப்பு, ஒரே கோடு, ரெண்டு கையால் ஒரு மடக்கு. பல வருஷப் பழக்கம் அது. பாடமே அங்கேதான்!

எதைத் தொடக் கூடாதுன்னும் சொல்லிடறேன். கார் பக்கவாட்டுக் கண்ணாடி வேண்டாம். பதப்படுத்தின சரக்கு, கட்டர் பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறும். கார் முன்கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் உண்டு. பழைய டி.வி. பிக்சர் டியூபில் ஈயம், டியூப்லைட்டில் பாதரசம். காயலான் கடையில் ஃப்ரீயா கொடுத்தாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. பாட்டில் பிடிக்குமா? ஒரே பாட்டிலின் துண்டுகளை மட்டும் ஒன்றோடு ஒன்று சேர்க்கலாம்.

கலருக்கு என்ன செய்யலாம்? ஹிக்கின்ஸ் வழிதான். கண்ணாடிக்கென்றே விற்கும் எனாமல். இல்லையென்றால் ரெண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிய செம்புத் தகடு, செம்புக் கம்பி. சூளையில் காற்றும் செம்பும் பழகும் விதத்தைப் பொறுத்துச் சிவப்பு, பழுப்பு, சில நேரம் நீலப்பச்சை என்று அது காட்டும் ஜாலமே தனி.

இன்னொரு ரகசியம்... உருகின கண்ணாடிக்குத் தானாக 6 மில்லிமீட்டர் தடிமனில் உட்காரத்தான் பிடிக்கும். ஒற்றை 3 மில்லிமீட்டர் தகட்டை முழுசாக உருக்கினால் ஓரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். மூணு அடுக்கு வைத்தால் வெளியே வழியும். ரெண்டு அடுக்கு வைத்தால் போட்ட அளவு அப்படியே நிற்கும். டாலர் செய்கிறவர்களுக்கு இது வாய்ப்பாடு மாதிரி!

கில்னுக்கு எங்கே போறது? எடுத்ததும் வாங்காதீங்க. முதல் வருஷம் வாங்கவே வாங்காதீங்க. பெரியமேடு ஓவியக் கல்லூரி, 1850-ல் ஆரம்பித்தது. அங்கே சிராமிக்ஸ் படிப்பே இருக்கு. அங்கே படிக்கிறவர்களையும், மண்பாண்ட ஸ்டுடியோ நடத்துகிறவர்களையும் பழக்கம் பிடிங்க. ‘ஒரு தட்டு இடம் கொடுங்க, கரன்ட் காசு தர்றேன்’ என்று கேளுங்க. ஆனால் ஒண்ணு... மண்பாண்டம் சுடும் கணக்கு வேறு, கண்ணாடிக் கணக்கு வேறு. சூடு இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் வைக்கணும். தட்டில் கண்ணாடி ஒட்டாமல் இருக்க கில்ன் வாஷ் பூசணும். இல்லாவிட்டால் அவங்க தட்டும் போச்சு, உங்க பழக்கமும் போச்சு!

பாதுகாப்பில் நோ காம்ப்ரமைஸ். வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி. தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கணும். கண்ணாடித் தூள் காற்றில் பறந்தால் நுரையீரலுக்கு ஆபத்து. நல்ல மாஸ்க் கட்டாயம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வெட்டுகிற இடமே தனி.

படிப்பாகவே படிக்கணும்னு ஆசையா? அகமதாபாத் என்.ஐ.டி.யில் சிராமிக் மற்றும் கிளாஸ் டிசைன் மேற்படிப்பு உண்டு. வளையல் நகரமான ஃபிரோசாபாத்தில் கண்ணாடித் தொழில் மேம்பாட்டு மையம் இருக்கு. ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ஆளுங்களுக்குக் கொல்கத்தாவில் 1950-ல் தொடங்கிய மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனமே இருக்கு. கண்ணாடி என்றால் நகை மட்டும் இல்லை தோழி, அது ஒரு சயின்ஸ்!

காசு வருமா தலைவா?

நேர்மையா சொல்றேன். உடனே வராது.

ஆனால் ஒரு கணக்கு பாருங்க. 30 சென்டிமீட்டர் சதுரத் தட்டு. ஒவ்வொரு டாலருக்கும் இடைவெளியோடு 4 சென்டிமீட்டர் விட்டால் ஒரு வரிசைக்கு 7, மொத்தம் 49 டாலர் உட்காரும். ஒரு டாலர் சுட்டாலும் 49 சுட்டாலும் கரன்ட் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் ஆர்வக்கோளாறில் ஒவ்வொன்றாகச் சுடாதீங்க. தட்டு நிறையற வரைக்கும் வெட்டி, கழுவி, அடுக்கி வையுங்க. முதல் பத்துத் தட்டில் விற்கிற மாதிரி வருவது கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் நீங்க கட்டுற ஃபீஸ்.

அந்த ஃபீஸை வீணாக்காமல் இருக்க ஒரு நோட்டு போடுங்க. என்ன கண்ணாடி, எத்தனை அடுக்கு, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எப்ப கதவைத் திறந்தீங்க, என்ன ஆச்சு. நோட்டில் இல்லாதது நடக்கவே இல்லைன்னு வெச்சுக்கங்க. ஏன்னா, இன்னிக்கு அழகாக வந்ததை நாளைக்கு மறுபடி கொண்டுவர்றவர்தான் ஆர்டர் எடுக்க முடியும்.

கழுத்தில் போடுகிற ஒருத்தருக்கு விற்கப் போகும் பொருள். ராத்திரியில் ‘டிக்’னு உடைஞ்சா கழுத்தைக் கீறும். அதனால் விற்பதற்கு முன்னால் ஒரு டெஸ்ட். உங்க லேப்டாப்பில் எல்.சி.டி. ஸ்க்ரீனாக இருந்தால் முழு வெள்ளைப் பக்கம் திறங்க. போலராய்டு கூலிங் கிளாஸைக் கையில் பிடித்து, ஸ்க்ரீன் இருட்டாகும் வரை திருப்புங்க. இப்ப டாலரை ஸ்க்ரீனுக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவில் காட்டுங்க. ஒளி ஊடுருவுகிற கண்ணாடியில் உள்ளே இழுபறி இருந்தால், அந்த இடம் மட்டும் இருட்டில் பளிச்சென்று மின்னும்! உங்க ஃபிசிக்ஸ் லேப்ல போலரைசேஷன்னு படிக்கிறதே இதான். மின்னுச்சா? விற்காதீங்க. அது அழகாக இருந்தாலும் விற்காதீங்க.

அப்பாகிட்ட ஒரு கேள்வி

இப்ப அந்தப் பாக்கி விஷயம்.

எண்ணூர் ஹைரோடு பக்கம் வளர்ந்தவங்களுக்கு ஃபவுண்டரி, ஃபோர்ஜிங், ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாம் காதில் விழுந்த வார்த்தைகள்தான். அடித்து, வெட்டி, வெல்டு பண்ணின இரும்புக்குள்ளேயும் இழுபறி இருக்கும். அதை அப்படியே மெஷினில் மாட்டினால் கோணும், விரிசல் விடும். அதனால் அதைச் சூடேற்றி, பொறுமையாக அந்தச் சூட்டிலேயே வைத்திருந்து, மெல்ல ஆற விடுவார்கள். ‘ஸ்ட்ரெஸ் ரிலீவிங்’னு பேர். இரும்புக்கு அந்தச் சூடு 550-லிருந்து 650 டிகிரி வாக்கில். உங்க கண்ணாடி மூச்சு வாங்குற இடம் 540, 550. பக்கத்து வீடு மாதிரி!

உலோகம் வேற, கண்ணாடி வேற. உள்ளே நடக்கிறதும் முழுசா ஒண்ணு இல்லை. ஆனா அடிப்படைப் பாடம் ஒண்ணுதான்: சூடேத்துறது யாராலும் முடியும், ஆற வைக்கிறதுதான் வேலை. அதை உங்க அப்பா ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் செய்துகிட்டு இருக்கார். எத்தனை டிகிரியில நிறுத்தணும், கனம் கூடினா எவ்வளவு நேரம் கூட்டணும், எப்ப கதவைத் தொடவே கூடாது... இந்தக் கலைக்கு வர்றவங்க பல தட்டு உடைச்சுக் கத்துக்கற விஷயம், உங்க வீட்ல சாயங்காலம் லுங்கி கட்டிக்கிட்டு டீ குடிக்குது!

அவர் சொன்ன வார்த்தையைக் கோபம்னு எடுத்துக்காதீங்க. அனல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவர், பொண்ணு மேல அது படக் கூடாதுன்னு நினைக்கிறார். அதுல தப்பே இல்லை. ஆனா தன்னோட வேலையில ஒரு அறிவு இருக்குன்னு அவருக்கு யாராவது சொல்லியிருப்பாங்களா? எனக்கென்னவோ சந்தேகமா இருக்கு.

அதனால இந்த வார ஹோம் ஒர்க் உங்களுக்கு மட்டும். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, சாப்பிட்டு, அவர் கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் அந்த உடைஞ்ச டாலரோட ரெண்டு துண்டையும் கையில் கொடுங்க. பர்மிஷன் கேட்காதீங்க. ‘அப்பா, உங்க ஷாப்ல ஒரு பீஸ் இப்படி ரெண்டா போனா என்ன காரணம்னு பார்ப்பீங்க?’ன்னு கேளுங்க. அவர் பேச ஆரம்பிச்சதும் அந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்துல எழுதிக்கங்க.

மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க வீட்லயும் யாரோ ஒருத்தர் ஹார்பர்லயோ, ஷெட்லயோ, காசிமேட்டு போட்லயோ வருஷக்கணக்கா ஒரு வித்தையைக் கையில வெச்சிருப்பாங்க. அவங்களைக் கேட்டுப் பார்த்திருக்கீங்களா? கேட்டுட்டு எனக்கு எழுதுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரைக்கும்... கதவைத் திறக்காதீங்க பாஸ்!